டிரைகோனோப்டெரஸ் என்ற கூன்வண்டுப் பேரினம் எந்த வகைப்பாட்டில் வருகிறது? இனங்களைப் பிரிப்பது ஏன் கடினம்?

குர்குலியோனிடே குடும்பம், கிரிப்டோரிங்கினே துணைக்குடும்பம். தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

சரி, இனங்களுக்கு வருவோம். சில மில்லிமீட்டரே நீளமுள்ள இந்த வண்டுகளால் பறக்க முடியாது. அதனால் நியூ கினி, சுலவேசி தீவுகளின் மலைக்காடுகளில் அங்கங்கே தனித்து நின்று வெவ்வேறு இனங்களாகிவிட்டன. ஆனால் பலவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உருவத்தோடு டிஎன்ஏ வரிசையையும் ஒப்பிட்டுத்தான் பூச்சியியலாளர் அலெக்சாண்டர் ரீடல் குழுவினர் 2013இல் நியூ கினியிலிருந்து 101, 2019இல் சுலவேசியிலிருந்து 103 புதிய இனங்களை விவரித்தார்கள். இத்தனைக்கும் பெயர் வேண்டுமே! சிலவற்றுக்குப் பப்புவா நியூ கினி தொலைபேசிப் புத்தகத்திலிருந்து குடும்பப் பெயர்களை எடுத்தார்கள்.

அப்புறம், இதில் ஓப்லாங்கஸ் என்ற இனத்தின் இடுப்பு மூட்டு திருகாணியும் மரையும் போலவே சுழல்கிறது. 2011இல் இது வெளியானபோது நான் வியந்துபோனேன்.