தட்டுகளால் ஆன கழுத்து

கேள்வி: ஜப்பானிய மர அச்சு ஓவியங்களில் வரும் பேய்களில் உங்களை அதிகம் உலுக்கியது எது?

பதில்: ஓவியர் ஹொகுசாய் 1830களின் தொடக்கத்தில் ஒரு பேய்ப்படத் தொடருக்காக வரைந்த ஒகிகு. தட்டு ஒன்று குறைந்த பழியால் செத்து, கிணற்றுக்குள் போன வேலைக்காரப் பெண். ராத்திரியானால் தட்டுகளை எண்ணுவாளாம், ஒன்பதோடு நின்றுவிடுமாம். படத்தில் கிணற்றிலிருந்து எழுகிறாள். கழுத்து முழுக்கத் தட்டுகள்தான், ஒன்றன்மேல் ஒன்றாகப் பாம்பு மாதிரி வளைந்து. வாயிலிருந்து புகை. அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, தொண்டைதான் அடைத்தது. எந்தப் பொருளால் பழி வந்ததோ அதுவே அவள் உடம்பாகிவிட்டதே!

அந்தத் தொடரில் நமக்குத் தெரிந்தவை 5 படங்களே. கொசுவலைக்கு மேலிருந்து எட்டிப்பார்க்கும் கொஹெய்ஜி என்ற பேயும் அதில் உண்டு. அப்புறம், இன்னொரு ஓவியர் குனியோஷியின் ராட்சத எலும்புக்கூடு மூன்று தாள்களில் விரியும். பிரமாதம்தான். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒகிகுவிடம்.