அம்மாவைக் கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் அப்பா குடியாத்தத்தில் கைத்தறியில் லுங்கி நெய்தவர். போன வருஷம் காலமானார். அடுத்த மாதம் முதல் வருஷத் திதி. அன்று 16 பக்கத்தில் ஒரு நினைவு மலர் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். பெங்களூரில் இருக்கும் அண்ணன் முன்னுரையைத் தானே எழுதுவதாகச் சொல்கிறார். கடைசி வரை அப்பாவோடு இருந்தவன் நான். எழுத உட்கார்ந்தாலோ 'அன்பான கணவர், பாசமிகு தந்தை, அருமைத் தாத்தா' என்பதற்கு மேல் ஒரு வரிகூட ஓடவில்லை. அம்மா 40 வருஷம் அவருக்குத் தார் (நெய்கிற நூலைச் சுற்றிய சின்னக் குழல்) சுற்றிக் கொடுத்தவர், ஆனால் படிக்கத் தெரியாதவர் என்பதால் அவரை இதில் இழுக்கவில்லை. முன்னுரையை யார் எழுதுவது நியாயம்? நல்ல வாசகங்கள் நாலைந்து எழுதித் தர முடியுமா?
பெயர் வேண்டாம், குடியாத்தம்.

பதில்: வாசகம் எழுதித் தர மாட்டேன், தம்பி. இப்படிக் கேட்டு எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. நான் எழுதிக் கொடுத்தால் பெயரை மட்டும் மாற்றி யார் வீட்டு மலரிலும் போட்டுவிடலாம். முன்னுரைச் சண்டையிலும் எனக்கு அக்கறை இல்லை. போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் இழுக்கவில்லை என்று. அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பேசுவதற்கு எதற்குப் படிப்பு? நீங்கள் மூன்று சொல் எழுதி வைத்திருக்கிறீர்கள். தந்தை என்பதற்கு நீங்களும் அண்ணனும் சாட்சி. தாத்தா என்பதற்குப் பேரப்பிள்ளைகள் சாட்சி. எடுத்த எடுப்பில் 'அன்பான கணவர்' என்று எழுதினீர்களே, அதற்கு யார் சாட்சி? ஊரில் ஒரே ஒருத்தர். அவரை ஒரு வார்த்தை கேட்காமலேயே எழுதிவிட்டீர்கள்.

தார் சுற்றிக் கொடுத்தவர் என்று ஏதோ தண்ணீர் மொண்டு கொடுத்த மாதிரி எழுதுகிறீர்கள். நெசவாளி வீட்டுப் பிள்ளை இப்படி எழுதலாமா? குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு காலும் மிதியில், ஒரு கை கயிற்றில், இன்னொரு கை பலகையில். குறுக்கே ஓடி நூலைப் போடுகிற நாடாவுக்குள் இருக்கிற தார் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அடுத்தது கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தறி நிற்கும், தறி நின்றால் அன்றைய கூலி குறையும். பக்கத்தில் ராட்டையோடு உட்கார்ந்திருப்பவர் தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை. சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார். நாடா எந்த வேகத்தில் ஓடுகிறது, இன்னும் எத்தனை தார் வேண்டியிருக்கும், இன்றைக்கு அவருக்கு முதுகுவலியா, யார் மேலாவது கோபமா, மனசு எங்கேயாவது போய்விட்டதா, எல்லாமே அந்தச் சத்தத்தில் இருக்கிறது. 40 வருஷம் அதைக் கேட்டவர் உங்கள் அம்மா. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், அண்ணன் பெங்களூர் போய்விட்டார். அந்தத் தறிக்கு முன்னால் நடந்தது உங்கள் இரண்டு பேருக்கும் பாதிகூடத் தெரியாது. வரி ஓடாததற்கு அதுதான் காரணம்.

ஒருவர் போன பிறகு அவரைப் பற்றிய முதல் வார்த்தை, கூட வாழ்ந்தவருடையது. பிள்ளைகள் அதற்கப்புறம்தான். நான் அப்படித்தான் நினைக்கிறேன், மாற்றிக்கொள்வதாகவும் இல்லை. நம் பக்கத்தில் கருமாதிக்கு அடிக்கிற பேனர்களைப் பாருங்கள். மகன், மருமகன், பேரன் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். மனைவி பெயரைத் தேட வேண்டியிருக்கும். உங்கள் மலரும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் வேலை ஓய்ந்து அம்மா உட்காருகிற நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'அப்பாவப் பத்திச் சொல்லும்மா' என்று மொத்தமாகக் கேட்டால், 'இன்னாத்தப்பா சொல்றது' என்பார். அதோடு எழுந்துவிடாதீர்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதல் தறி எந்த வீட்டில் போட்டார்கள்? தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூலை யார் கொடுத்தது? விசைத்தறி லுங்கி வந்து கூலி அடிபட்டபோது அடுப்பு எப்படி எரிந்தது? எதை அடகு வைத்தார், எதை மீட்டார், எதை மீட்கவே இல்லை? அவருக்கு உடம்பு முடியாத நாட்களில் தறியில் உட்கார்ந்தது யார்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

அம்மாவுக்கு வருஷக் கணக்கு வராமல் போகலாம். எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேளுங்கள், அது 1987 டிசம்பர். கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்த 2021 நவம்பரில் அப்பா எப்படி இருந்தார் என்று கேளுங்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி என்பதால், அதற்கு முன்னாலா பின்னாலா என்றால் மாதம் பிடிபட்டுவிடும். பெட்டியில் பழைய கடிதம் ஏதாவது கிடந்தால் விலாசத்தைப் பாருங்கள். வெறும் வடஆற்காடு மாவட்டம் என்றிருந்தால், அநேகமாக 1989-இல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முந்தியதாக இருக்கும்.

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள். வீட்டில் பேத்தி இருந்தால் அவளையே கேட்கச் சொல்லுங்கள். மகனிடம் சொல்லக் கூச்சப்படுவதைப் பேத்தியிடம் சொல்லிவிடுவார். அவர் பேச்சைத் திருத்த வேண்டாம். 'சொல்லிக்கினே இருப்பாரு' என்றால் அப்படியே அச்சில் வரட்டும். அவர் சொல்வதில் அப்பாவின் கோபமும் வரும், முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் வரும். பதறாதீர்கள். அதெல்லாம் இருந்தால்தான் 'அன்பான கணவர்' என்பதை நான் நம்புவேன்.

முதல் பக்கம் அம்மாவுடையது, அவர் பெயரோடு. நீங்களும் அண்ணனும் பின்னால் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வரியை எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.