கிளாரினெட்டிலிருந்து பாரிட்டோனுக்கு: டிரம் கோர் கேள்வி பதில்

அமெரிக்காவில் கோடை வந்தால் டிரம் கோர் குழுக்கள் பேருந்தில் ஊர் ஊராகக் கிளம்பிவிடும். ஃபுட்பால் மைதானத்தில் நடந்தும் ஓடியும் வாசிக்கிற போட்டி இது. பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடி சுழற்றும் கலர் கார்ட் உண்டு. ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸ் போன்ற வுட்விண்ட் கருவிகள் கிடையாது. பள்ளி பேண்டில் அவற்றை வாசிக்கும் பிள்ளைகள் கோரில் சேர என்ன வழி என்று பலரும் கேட்கிறார்கள். நானும் சாக்ஸிலிருந்து பாரிட்டோன் என்ற பித்தளைக் கருவிக்கு மாறிக் கோரில் நடந்தவன்தான். இப்போது பித்தளைக் கருவிகள் சொல்லித்தருகிறேன்.

வுட்விண்டை ஏன் சேர்ப்பதே இல்லை? இது என்ன பாகுபாடு?

பழைய வழக்கம்தான். முன்னாள் படைவீரர் சங்கங்கள் நடத்திய பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) குழுக்களிலிருந்து வளர்ந்தது டிரம் கோர். டிசிஐ என்ற டிரம் கோர் இன்டர்நேஷனலின் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சினில் நடந்தபோதும் ஜி சுருதி பியூகிள்கள்தான். அப்புறம் விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 2000இல் வேறு சுருதிக் கருவிகள் வந்தன, 2009இல் சிந்தசைஸர் வந்தது, 2014இல் டிராம்போனும் பிரெஞ்சு ஹார்னும் வந்தன. வுட்விண்ட் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது. என்னைக் கேட்டால் அப்படியே இருக்கட்டும். வுட்விண்டோடு மைதானத்தில் வாசிக்க மார்ச்சிங் பேண்ட் இருக்கிறது. கோரின் அடையாளமே எல்லாப் பித்தளை ஹார்ன்களும் ஒரே பக்கம் திரும்பி ஊதும்போது வருகிற அந்தச் சத்தம்தான்.

அண்ணா, பத்தாம் வகுப்பு படிக்கிறேன், கிளாரினெட். டிரம்பெட்டுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். சரியா?

ஆசை புரிகிறது. ஆனால் டிரம்பெட் வேண்டாம், பாரிட்டோனைப் பார். டிரம்பெட்டுக்கு ஆடிஷன் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆறாம் வகுப்பிலிருந்தே அதை ஊதுகிறவர்கள். மேல் ஸ்தாயியில் நின்று வாசிக்க உதட்டுத் தசைக்கு வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும், அதை ஒரு குளிர்காலத்தில் உருவாக்க முடியாது. பாரிட்டோன், அதைப் போன்ற யூஃபோனியம் இரண்டிலும் மவுத்பீஸ், அதாவது உதடு வைத்து ஊதும் முனை, பெரிது. உதடு தாராளமாக அதிரும், நல்ல நாதம் சீக்கிரம் பிடிபடும். நீ கற்றுக்கொண்ட மூச்சு அப்படியே உதவும்.

டெனர் சாக்ஸ் வாசிப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. டிரெபிள் கிளெஃபில் (கிளெஃப் என்பது நொட்டேஷனில் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி) எழுதிய பாரிட்டோன் பகுதியும் டெனர் சாக்ஸ் பகுதியும் எழுதியபடி ஒரே சுரத்தில்தான் ஒலிக்கும். பஸ்ஸூன்காரருக்கு பாஸ் கிளெஃப் ஏற்கெனவே தெரியும். எந்தக் கிளெஃபில் எழுதுகிறார்கள் என்பது கோருக்குக் கோர் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்.

மைதானத்தில் பிரெஞ்சு ஹார்னுக்குப் பதிலாக வாசிக்கும் மெல்லோஃபோனையும் ஒதுக்கிவிடாதே. கச்சேரி மேடையில் அதற்கு இடமில்லை, அதனால் அங்கே வருகிற எல்லோருமே எங்கிருந்தோ மாறி வந்தவர்கள். பிரெஞ்சு ஹார்ன்காரருக்குக்கூட விரலமைப்பு புதிது. ஃப்ளூட் பெண்கள் சிலர் அதில் அழகாகப் பொருந்தியதைப் பார்த்திருக்கிறேன். சுருதி சுத்தமாக நிறுத்துவதுதான் அதில் சிரமம்.

பித்தளையில் விரலால் அழுத்த மூன்றே வால்வ்தானே, கிளாரினெட்டை விடச் சுலபமாக இருக்குமே?

எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. கிளாரினெட்டில் சரியான துளைகளை மூடினால் பெரும்பாலும் சரியான சுரம் வந்துவிடும். பித்தளையில் வால்வைத் தொடாமலேயே ஸி, ஜி, மேல் ஸி, ஈ, மறுபடி ஜி என்று வரிசையாக வரும். எது வரும் என்பதை உன் உதடும் காற்றின் வேகமும் தீர்மானிக்கின்றன. அடுத்த சுரம் காதுக்குள் முதலில் கேட்காவிட்டால் பக்கத்துச் சுரத்தில் போய் விழுவாய். விரலமைப்பை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். மற்றது லிப் ஸ்லரில்தான் வரும், அதாவது வால்வை மாற்றாமல் உதட்டாலேயே சுரம் விட்டுச் சுரம் ஏறி இறங்குவது. சலிப்பான பயிற்சிதான், தினமும் செய்.

என் மகன் கர்நாடக சங்கீதப் புல்லாங்குழல் கற்கிறான். அதனால் ஏதாவது பயன் உண்டா சார்?

நிச்சயம் உண்டு. ஸ்வரத்தைப் பாடிவிட்டு வாசிக்கும் பழக்கம் அவனுக்கு இருக்குமே, பித்தளை ஆசிரியர்கள் மாணவர்களைப் படாதபாடு படுத்திச் செய்ய வைப்பது அதைத்தான். ஆனால் கமகத்தைக் கோர் வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். அறுபது, எழுபது பேர் ஒரே மாதிரி, அசைவில்லாமல் சுரத்தைத் தொடங்கி முடிக்க வேண்டிய இடம். மேற்கத்திய நொட்டேஷனை வேகமாகப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நாள் முன்னால் தொடங்க வேண்டும்?

பொதுவாக ஆடிஷன் முகாம்கள் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள். மே கடைசியில் முழுநேரப் பயிற்சி, ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் இறுதிப் போட்டி. முந்தைய பிப்ரவரி, மார்ச்சிலேயே கருவியைக் கையில் எடுத்தவர்கள் நிம்மதியாக ஆடிஷனுக்குப் போகிறார்கள். செப்டம்பரில் தொடங்கினால் ஓப்பன் கிளாஸ் என்ற இரண்டாம் பிரிவுக் கோர்களை முயலலாம். ப்ளூ டெவில்ஸ், கரோலினா கிரவுன் மாதிரி வேர்ல்ட் கிளாஸ் என்ற மேல் பிரிவு இடங்களை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஊத வேண்டாம். இருபது நிமிடம் ஊதி, அதே அளவு ஓய்வு, மறுபடி இருபது நிமிடம். உயரச் சுரம் வரவில்லை என்று மவுத்பீஸை உதட்டில் அழுத்துவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அழுத்தினால் வீங்கும், மறுநாள் வாசிப்பும் போச்சு. பல்லில் பிரேஸஸ் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை.

கல்லூரியில் கிளாரினெட் மேஜர். ஒரு கோடை முழுக்கப் பித்தளை ஊதினால் என் எம்புஷர் (ஊதும்போது உதட்டை வைக்கும் விதம்) கெட்டுப்போகும் என்கிறார் பேராசிரியர்.

அவர் சும்மா சொல்லவில்லை. கிளாரினெட்டில் கீழுதடு பல்லின் மேல் மடிந்து ரீடை, அதாவது அதிரும் நாணல் தகட்டை, தாங்குகிறது, பித்தளையில் உதடுகளே அதிர்கின்றன. நாள் முழுக்க ஊதி வீங்கிய உதட்டோடு ரீடை வைத்தால் தொனி மந்தமாகத்தான் வரும். ஆனால் அது நிரந்தரமில்லை. ஆகஸ்டில் திரும்பியதும் ஒரே சுரத்தை நீட்டி ஊதும் லாங் டோனிலிருந்து மெதுவாகத் தொடங்கினால் பழைய தொனி வந்துவிடும். செப்டம்பர் முதல் வாரத்தில் உங்களுக்கு முக்கியமான ஆடிஷன் இருந்தால் மட்டும் அந்த வருடம் போகாதீர்கள். ஃப்ளூட்காரர்களுக்கு உதட்டின் நடுவிலுள்ள சின்னத் துவாரமே எல்லாம், அவர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

ஆடிஷனில் நான் வுட்விண்ட் என்று சொல்லலாமா, மறைக்க வேண்டுமா?

தாராளமாகச் சொல். முதல் நான்கு சுரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். கடினமான எட்யூடை (பயிற்சி இசைத்துண்டை) தட்டுத் தடுமாறி வாசிப்பதை விட, எளிய ஒன்றைத் தாளம் பிசகாமல், நல்ல நாதத்தோடு வாசி. கோர் அனுப்பும் டெக்னிக் பாக்கெட்டை (பயிற்சிக் கையேட்டை) வரிக்கு வரி படித்துவிட்டுப் போ. நடையும் பார்ப்பார்கள். ஐந்து யார்டை எட்டு அடியில், ஒரு அடிக்கு இருபத்திரண்டரை அங்குலமாக, மேலுடம்பு ஆடாமல் கடக்கிறவனுக்கு மதிப்பெண் உண்டு. பள்ளி பேண்டில் நடந்திருந்தால் அதில் பாதி உன் கையில் இருக்கிறது.

எனக்கு 20 வயது. காலம் கடந்துவிட்டதா?

வேர்ல்ட் கிளாஸ், ஓப்பன் கிளாஸ் இரண்டிலும் 21தான் கடைசி வயது. ஆகவே உங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு கோடை மிச்சம். அதற்கு மேல் ஆனால் வயது வரம்பில்லாத ஆல்-ஏஜ் கோர்கள் உள்ளன. பெரும்பாலும் வார இறுதியில் கூடுவதால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவரும். பியானோ தெரிந்தால் முன்வரிசை சிந்தசைஸருக்கும் முயலலாம்.

கருவி வாங்க வேண்டுமா? 

மைதானத்தில் வாசிக்கும் ஹார்னைப் பொதுவாகக் கோரே தரும். வீட்டுப் பயிற்சிக்குப் புதிதாக வாங்காதீர்கள். பள்ளி பேண்ட் அறை அலமாரியில் யாரும் தொடாத பாரிட்டோன் ஒன்று பெரும்பாலும் கிடக்கும். பேண்ட் டைரக்டரிடம் கேட்டால் கொடுப்பார். மவுத்பீஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும், எந்த அளவு என்று கோரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.