ஸ்டென்ட் வைத்தவருக்கு நரம்பில் கொழுப்பு ஏற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, எடை 60 கிலோ. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் குடல் ஆபரேஷன் நடந்தது. தையலில் கசிவு இருப்பதால் வாய்வழியே ஒன்றும் தரவில்லை. குளுக்கோஸ், புரதத்தோடு தினமும் பால் மாதிரி வெள்ளையாக ஒரு பாட்டில் கொழுப்பும் ஏற்றுகிறார்கள். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. “கொழுப்பை நேரா ரத்தத்துல ஏத்தினா அடைச்சிராதா?” என்று அத்தை அழுகிறார். நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. அத்தையின் பயம் புரிகிறது. ஆனால் அந்த பாட்டிலில் இருப்பது வெறும் எண்ணெய் அல்ல. பெரும்பாலும் சோயா எண்ணெயை, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த ஒரு பொருளின் உதவியால் பொடிப்பொடித் துளிகளாக்கித் தண்ணீரில் கலந்திருப்பார்கள். ஒரு துளி ஒரு மைக்ரானைவிடச் சிறியது. ரத்தச் சிவப்பணுவோ ஏழு மைக்ரான். அதனால் அது குழாயில் சிக்காது. நெய் ஊற்றிச் சாப்பிட்டாலும் குடல் இதே போன்ற துளிகளைத்தான் ரத்தத்துக்குள் அனுப்புகிறது. ஸ்டென்ட் இருப்பவருக்கும் அளவு பார்த்துக் கொடுக்கலாம்.

பழைய காலத்தில் பயப்படக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயில் செய்த மருந்து காய்ச்சலையும் மஞ்சள் காமாலையையும் கொண்டுவந்ததால் 1960களில் கைவிடப்பட்டது. 1962-ல் ஸ்வீடனில் அர்விட் ரெட்லிண்ட் உருவாக்கிய சோயா மருந்து வந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை நிலைத்தது. கொழுப்பே தராமல் சில வாரம் ஓட்டினால் தோல் செதில் செதிலாக உரியும், புண் ஆறத் தாமதமாகும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேகத்தை. 20 சதவீத மருந்து 250 மி.லி. என்றால் 50 கிராம் கொழுப்பு, 500 கலோரி. அப்பாவின் எடைக்கு அதை எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஏற்றக்கூடாது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் நல்லதே. உடன் இருப்பவர்கள் ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று டிரிப் உருளையைத் தளர்த்திவிடுவார்கள். தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம். அதேபோல, தனியாகத் தொங்கும் பாட்டிலில் 12 மணி நேரத்துக்குப் பின் மிச்சம் இருந்தால் அதை ஏற்றாமல் கொட்டிவிட வேண்டும். கிருமி வளர அது நல்ல இடம்.

மாட்டும் முன் பாட்டிலைப் பாருங்கள். மேலே மஞ்சளாக எண்ணெய் பிரிந்து நின்றால் சிஸ்டரிடம் காட்டுங்கள், அதை ஏற்றக்கூடாது. முட்டை, சோயா, வேர்க்கடலை, மீன் எதற்காவது அப்பாவுக்கு அலர்ஜி உண்டென்றால் இன்றே சொல்லிவிடுங்கள். ஏறும்போது குளிர் நடுக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே கூப்பிடுங்கள்.

ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அது 400 மி.கி./டெ.லி.க்கு மேல் போனால் பொதுவாக அளவைக் குறைப்பார்கள், அல்லது கொஞ்ச நாள் நிறுத்துவார்கள். வாரக்கணக்கில் நீண்டால் கல்லீரல் பரிசோதனையும் அவசியம்.

அப்புறம் ஒன்று. கசிவு அடங்கியதும் டியூபிலோ வாயிலோ கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று சர்ஜன் சொல்வார். ‘இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே’ என்று வீட்டில் தயங்காதீர்கள். குடல் வேலை செய்யத் தொடங்கினால்தான் இந்த பாட்டிலை எடுக்க முடியும்.