எம்டிஅட்ம் கேள்வி பதில்: டிஸ்க் போனால் அவசரப்படாதீர்கள்

லினக்ஸில் மென்பொருள் ரெய்டு (பல டிஸ்க்குகளை 'அர்ரே' என்ற ஒரே தொகுப்பாகச் சேர்த்து, டிஸ்க் போனாலும் டேட்டாவைக் காப்பது) வைத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. எம்டிஅட்ம் என்பது அதை நிர்வகிக்கும் கட்டளை. கட்டளைகள் எல்லாமே ரூட்டாக ஓட்ட வேண்டியவை.

4 டிபி டிஸ்க் நாலு இருக்கு. ரெய்டு 5 போடவா, 6 போடவா சார்?

6 போடுங்கள். ரெய்டு 5-இன் 12 டிபிக்குப் பதில் 8 டிபிதான் கிடைக்கும், ஆனால் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தங்கும். ஒன்று போய் ரீபில்டு (புது டிஸ்க்கில் டேட்டாவை மீண்டும் உருவாக்குவது) ஓடும்போது மற்ற மூன்றும் முழுக்கப் படிக்கப்படும். இத்தனை நாள் யாரும் தொடாத செக்டாரில் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) இருந்த பழுது அப்போதுதான் தெரியவரும். இன்னொன்று: டிஸ்க்கை அப்படியே கொடுக்காமல் பார்ட்டிஷன் போட்டு, கடைசியில் 100 எம்பி விட்டுவையுங்கள். நாளை வாங்கும் வேறு கம்பெனி டிஸ்க்கில் சில செக்டார் குறைந்தாலும் சேர்ந்துகொள்ளும்.

ரீபூட் பண்ணினதும் அர்ரே பேர் எம்டி0-ல இருந்து எம்டி127 ஆயிடுச்சு. ஏன்?

எம்டிஅட்மை டீட்டெய்ல், ஸ்கேன் ஆப்ஷன்களைச் சேர்த்து ஓட்டினால் வரும் 'அர்ரே' வரியை எம்டிஅட்ம் கான்ஃப் கோப்பில் போடுங்கள். டெபியன், உபுண்டுவில் அதோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) அப்டேட் செய்ய வேண்டும். பூட் நேரத்தில் படிக்கப்படுவது அதற்குள் இருக்கும் பழைய நகல்தான்.

ரெய்டு 5, மூணு டிஸ்க். சாட்டா கேபிள் லூசாகி ரெண்டு டிஸ்க் வெளியே போயிடுச்சு. திரும்ப கிரியேட் கொடுக்கலாமா அண்ணா?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிரியேட் பழைய சூப்பர்பிளாக்கை (அர்ரேயின் அமைப்பு விவரம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கும் இடம்) அழித்துப் புதிதாக எழுதும். டிஸ்க் வரிசையோ, சங்க் அளவோ (டேட்டா பிரிக்கப்படும் துண்டின் அளவு), டேட்டா ஆஃப்செட்டோ (டிஸ்க்கில் டேட்டா தொடங்கும் இடம்) மாறிவிட்டால், பின்னாலேயே தொடங்கும் ரீசிங்க் (டிஸ்க்குகளை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்யும் வேலை) உங்கள் டேட்டாவின் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

முதலில் கேபிளை மாற்றுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எக்ஸாமின் ஓட்டி, வரும் வெளியீட்டை வேறு கணினியில் சேமியுங்கள். அதில் 'ஈவென்ட்ஸ்' எண்ணை (அர்ரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்ணிக்கை) பாருங்கள். 48213, 48209, 48209 என்று நெருக்கமாக இருந்தால் ஸ்டாப் கொடுத்துவிட்டு, மூன்றையும் சொல்லி அசெம்பிள், ஃபோர்ஸ், ரீட்ஒன்லி ஆப்ஷன்களுடன் ஏற்றுங்கள். ஒன்று மட்டும் 31000-இல் நின்றிருந்தால் அது என்றோ வெளியேறிய டிஸ்க்; அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் ஏற்றுங்கள். ஏறியதும் எஃப்எஸ்சிகே-யை (ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் கட்டளை) 'என்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், எதையும் திருத்தாமல் பார்த்துச் சொல்லும். முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்த பிறகே அர்ரேயைச் சரிசெய்ய இறங்குங்கள்.

ஒரு டிஸ்க்ல பெண்டிங் செக்டார் (சரியாப் படிக்க முடியாத செக்டார்) காட்டுது, ஆனா ஓடுது. ஃபெயில் பண்ணிட்டுப் புதுசு போடவா?

காலி போர்ட் இருந்தால் ஃபெயில் தேவையில்லை. புதியதை 'ஆட்' செய்துவிட்டு, 'ரீப்ளேஸ்' ஆப்ஷனில் பழையதையும் 'வித்' ஆப்ஷனில் புதியதையும் கொடுங்கள். பழையதிலிருந்தே நகல் எடுக்கும்; படிக்க முடியாத இடத்தை மட்டும் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிடும். அர்ரேயின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில், எல்லா டிஸ்க்கும் ஓடுவதைக் குறிக்கும் [யூயூயூ] என்பது கடைசிவரை, ஒன்று இல்லை என்று காட்டும் [யூயூ_] ஆகாது.

நல்ல டிஸ்க்கையே அர்ரே அடிக்கடி வெளியே தள்ளுது. டெஸ்க்டாப் டிஸ்க்தான்.

பழுதான செக்டாரில் அந்த வகை டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கலாம். லினக்ஸின் கெர்னல் 30 நொடிதான் பொறுக்கும்; அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கே பழுது என்று அர்ரே தள்ளிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கின் நிலையைப் பார்க்கும் கட்டளை) வழியாக எஸ்சிடி-இஆர்சி மதிப்பை (பழுதான செக்டாரில் டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பு) 70,70 (அதாவது 7 நொடி) என்று வையுங்கள். டிஸ்க் அதை ஏற்காவிட்டால், சிஸ் அடைவில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட்டை 180 ஆக்குங்கள். இரண்டுமே மின்சாரம் போனால் மறைந்துவிடும், பூட் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.