மரம் பிழைக்கிறது, மொட்டு பிழைக்கவில்லை

தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒட்டுக்கட்டிய மக்னோலியாக் கன்று ஒன்றை வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி நட்டோம். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, ஆண்டுதோறும் தவறாமல் துளிர்க்கிறது. ஆனால் இதுவரை ஒரு பூவைக்கூடக் கண்டதில்லை. குளிர்காலத்தில் இங்கே மைனஸ் 27 டிகிரி வரை இறங்கும். எங்கள் குளிர் மண்டலத்துக்கு ஏற்ற மரம் என்று சொல்லித்தான் விற்றார்கள். உரம் போதவில்லையா?

பதில்: உரக்குறைவு என்று தோன்றவில்லை, தவறாமல் துளிர்த்து உயரும் மரத்துக்கு வேண்டிய சத்து கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. குளிர் மண்டல எண் என்பது ஓரிடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியைக் கொண்டு வகுக்கப்படுவது. மரம் உயிர் பிழைக்குமா என்பதற்கு அது வழிகாட்டும். பூக்குமா என்பதற்கு உறுதி தராது. வசந்தத்தில் பூக்கும் மரங்கள் பெரும்பாலானவற்றில் பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி, குளிர்காலம் முழுவதையும் கிளையிலேயே கழிக்கிறது. இலைமொட்டு தாங்கும் குளிரைப் பூமொட்டு பெரும்பாலும் தாங்குவதில்லை. பனி மிகுந்த இடங்களில் ஃபார்சித்தியாப் புதரைப் பார்த்தவர்களுக்கு இது கண்கூடு: பனிக்குவியலுக்குள் புதைந்திருந்த அடிக்கிளைகள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும்போது, பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளைகளில் வெறும் இலைதான் வரும்.

உங்கள் மரத்தில் நடப்பதை அறிய மொட்டை அறுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிப்பதில்லை. மக்னோலியாவின் பூமொட்டு பெரும்பாலும் கிளை நுனியில், சாம்பல் நிற மென்மயிர் போர்த்து, இலைமொட்டைவிடத் தடித்து இருக்கும். குளிர் தணியத் தொடங்கும்போது அத்தகைய மொட்டுள்ள சிறு கிளைகள் இரண்டை வெட்டி, வீட்டுக்குள் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, கூரிய பிளேடால் மொட்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே அடுக்கடுக்காக மடிந்திருக்கும் இதழ்கள் வெளிர்நிறத்தில் ஈரத்துடன் இருந்தால் மொட்டு உயிரோடு இருக்கிறது. நடுப்பகுதி பழுப்பேறியோ கறுத்தோ இருந்தால் அது செத்துவிட்டது. தடித்த மொட்டே கண்ணில் படவில்லையென்றால் குறை குளிரில் இல்லை, கோடையில் கிடைக்கும் வெயிலில் இருக்கலாம். அடுத்த பதிலையும் படியுங்கள்.

என் சந்தேகம் அந்தத் தெற்குச் சுவரின் மீதுதான். பூமியின் வடபாதியில் தெற்கு நோக்கிய சுவர் குளிர்காலப் பகலிலும் வெயிலை வாங்கித் திருப்பி அனுப்புவதால், அருகிலுள்ள மொட்டு வசந்தம் வந்துவிட்டதாக ஏமாந்து உறக்கம் கலைகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் கடுங்குளிரைத் தாங்கிய அதே மொட்டு, பருக்கத் தொடங்கியதும் அந்த ஆற்றலை நாளுக்கு நாள் இழந்துகொண்டே வரும். செர்ரியில் இது நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது: முழுதாக மலர்ந்த பூக்களில் பத்தில் ஒரு பங்கு மைனஸ் 2.2 டிகிரியில் அரை மணி நேரத்தில் மடிகிறது. மைனஸ் 4 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடுகிறது.

மக்னோலியாவின் சதைப்பற்றான வேர்கள் இடமாற்றத்தை விரும்பாதவை. ஆகவே ஏழு வயது மரத்தைப் பெயர்க்க வேண்டாம். குளிர்காலத்தின் பின்பாதியில் வெயில் விழும் பக்கம் நிழல்வலை கட்டுங்கள். மொட்டு பருத்த பின் உறைபனி இரவுகளில் தரை வரை தொங்கும் துணியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். சிறிய மரமாக இருக்கும்வரை இது முடியும். இவ்வளவு செய்தும் நடுக்குளிர்காலத்திலேயே மொட்டு செத்துப்போகிறது என்றால், அந்த ரகம் உங்கள் இடத்துக்கு உரியதன்று. குளிரை நன்கு தாங்கும் 'மெரில்', 'லெனார்ட் மெசல்' போன்ற ரகங்களில் ஒன்றைச் சுவரைவிட்டு விலக்கி, குளிர்காற்று தேங்காத மேட்டில் நடுவதே நல்லது.

கேள்வி: எங்கள் அலங்கார செர்ரி முதல் மூன்று ஆண்டுகள் நன்றாகப் பூத்தது. பிறகு ஒவ்வொரு குளிர்கால முடிவிலும் ஒழுங்காகக் கவாத்து செய்கிறோம். சுற்றிலும் உள்ள புல்தரைக்கு உரமும் இடுகிறோம். இப்போது பூ மிகவும் குறைந்துவிட்டது. என்ன காரணம்?

பதில்: அக்கறையோடு செய்வதே இங்கே கேடாக முடிகிறது. மேலே சொன்னபடி, குளிர்காலக் கிளையில் இருப்பது முந்தைய கோடையில் உருவான பூமொட்டு. அப்போது கத்தரிக்கோல் பட்டால் அவ்வாண்டுப் பூவைத்தான் வெட்டிக் குவிக்கிறீர்கள். பூ உதிர்ந்த சில வாரங்களுக்குள், உலர்ந்த நாளாகப் பார்த்து, தேவையான அளவு மட்டும் வெட்டுங்கள். புல்லுக்கான உரத்தில் தழைச்சத்து மிகுதி; புல்தரைக்கு அடியில் பரவும் மரத்தின் வேர் அதை உறிஞ்சி, பூவைவிட இலைக்கும் தண்டுக்கும் செலவிடும். கோடையின் நடுப்பகுதிக்குப் பிறகு கிடைக்கும் தழைச்சத்து இன்னும் மோசம். முதிராத இளந்தளிரோடு மரம் குளிருக்குள் நுழைகிறது. ஆகவே கிளைகளின் விரிவுக்கு உள்ளே உரம் இடாமல், தண்டைத் தொடாதபடி மூடாக்கு (மண்ணை மூடும் இலைதழைப் போர்வை) மட்டும் போடுங்கள். பக்கத்து மரம் வளர்ந்து நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாமல் செர்ரி நிறையப் பூக்காது. ஒட்டுக்கு அடியிலிருந்து போத்துகள் (வேர்க்கன்றின் பக்கத் தளிர்கள்) கிளம்பியிருந்தால் உடனே நீக்குங்கள். விட்டுவைத்தால் நாளடைவில் அதுவே மரத்தை ஆக்கிரமித்துவிடும்.

கேள்வி: மைனஸ் 35 டிகிரி வரை போகும் இடத்தில் நம்பிப் பூக்கும் மரம் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. ஜப்பானிய மர லைலாக் கோடைத் தொடக்கத்தில்தான் பூக்கும் என்பதால் வசந்தத்தில் தாமதமாக வரும் உறைபனியிடமிருந்து தப்பிவிடுகிறது. 'டோல்கோ' என்ற பூ ஆப்பிளும் இந்தக் குளிரைத் தாங்கும். பேனிகுலேட்டா ஹைட்ராஞ்சியா அவ்வாண்டுத் துளிரிலேயே மொட்டு வைப்பது; எனவே குளிர்காலத்தில் கிளை நுனி கருகினாலும் பூ போகாது. ஒற்றைத் தண்டில் சிறு மரமாக வளர்த்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். இதை மட்டும் குளிர்கால முடிவில் தயங்காமல் கவாத்து செய்யலாம்.