ஆயில் சீலை இரண்டு முறை மாற்றியும் ஒழுகுவது ஏன்?

கேள்வி: என்னுடைய பத்துச் சக்கர லாரி 9 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. நாமக்கல்லிலிருந்து வடக்கே ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் 5 லிட்டர் எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் எப்போதும் ஒரு சொட்டு நிற்கிறது. பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, கிராங்க்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) இரண்டு முறை மாற்றினார்கள். ஒரு மாதம் தாங்குகிறது, பிறகு பழைய கதைதான். மூன்றாம் முறை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?
– லாரி உரிமையாளர் ஒருவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: இப்போது இறக்க வேண்டாம். புதிய சீல் ஒரே மாதத்தில், அதுவும் இரண்டு முறை விட்டுக்கொடுத்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் வேறொரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது சீலை அடித்தால் அந்தக் கூலியும் வீண்தான்.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயில் புகைக்கரியால் கறுத்திருக்கும். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு. கியர்பாக்ஸின் முன்பக்க சீல் ஒழுகினாலும் அதே இடத்தில்தான் சொட்டும். எஞ்சின் ஆயில்தான் என்றால், எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, 20 அல்லது 30 கிலோமீட்டர் ஓட்டிவந்து, டார்ச் விளக்குடன் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆயில் கீழே வழியும், காற்றோ அதைப் பின்னால் தள்ளும். எனவே ஈரமாக உள்ள இடங்களில் எது மிக உயரத்திலும் முன்னாலும் இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் ஒழுகலின் தொடக்கம். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்மூலையில் கேஸ்கெட் இறுகிப்போய்க் கசிந்த ஆயில், பிளாக்கின் வழியே இறங்கி ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் சொட்டுவதைப் பின்பக்க சீலின் ஒழுகல் என்று தவறாக எண்ணி கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. டர்போவின் ஆயில் குழாய்கள், ஆயில் கூலர், ஃபில்டர் ஹவுசிங் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள்.

மேலே எல்லாம் உலர்ந்திருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வதைத்தான். இத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும்; எரிந்த வாயு அவற்றைத் தாண்டி, கீழே ஆயில் நிற்கும் சம்ப் பக்கம் இறங்கும். அது வெளியேறும் வழி பிரீதர். அந்தப் பிரீதர் கசடு பிடித்து அடைத்துக்கொண்டாலோ, அதன் குழாய் மடங்கிப் போனாலோ, உள்ளே சேரும் அழுத்தம் எந்த சீலின் உதடு (தண்டில் உரசும் விளிம்பு) மெலிந்திருக்கிறதோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். எஞ்சின் சூடான பின், ஐடிலில் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே வாயின்மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசான ஆவி இயல்புதான். மூடி துள்ளி விழுந்தாலோ, புகை விட்டுவிட்டு வேகமாகத் தள்ளினாலோ, உள்ளே அழுத்தம் அதிகம். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடியும் பாருங்கள். பல வண்டிகளில் ஒழுகல் இந்த ஒரு வேலையிலேயே குறைந்துவிடுகிறது. குறையாவிட்டாலும் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். பிரேக்குக்கான ஏர் கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால் அதுவும் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும். ஏர் டேங்க் நிரம்பும்போது புகை அதிகமாகவும், நிரம்பியபின் குறைவாகவும் இருந்தால் குற்றவாளி கம்ப்ரஸராக இருக்கலாம். டேங்க்கை வடிக்கும்போது தண்ணீருடன் ஆயிலும் வந்தால் சந்தேகம் வலுக்கும். இரண்டு நிலையிலும் புகை ஒரே மாதிரி தள்ளினால், டர்போவையும் பார்த்துவிட்டு, ரிங், லைனர் வேலைக்குத் தயாராகுங்கள். அதைச் செய்யாமல் எந்த சீலும் நிற்காது.

அழுத்தம் சரியாக இருந்தும் பின்பக்கம் ஒழுகினால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குங்கள். அப்போது கிராங்க்கில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவச் சொல்லுங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். அதன்மேல் மெல்லிய எஃகு உறையை ஏற்ற வேண்டும், அல்லது இடமிருந்தால் சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தி உதடு தேயாத பரப்பில் படும்படி செய்ய வேண்டும். இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண ரப்பர் சீலின் உதட்டில் ஆயில் தடவித்தான் ஏற்ற வேண்டும், சில எஞ்சின்களில் வரும் டெஃப்லான் உதடுள்ள சீலை ஆயில் படாமல் உலர்வாகவே ஏற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்தாலும் ஒழுகும். கிளட்ச் பிளேட்டில் ஆயில் இறங்கியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பாரத்தோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது கிளட்ச் வழுக்கினால் வண்டி நடு ஏற்றத்திலேயே நின்றுவிடும்.

கேள்வி: ஒழுகலைக் குறைக்க 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?
– லாரி ஓட்டுநர் ஒருவர், சங்ககிரி

பதில்: வண்டியின் கையேடு அனுமதித்தால் ஊற்றலாம், சொட்டு சற்றுக் குறையும், ஒழுகும் காரணம் அப்படியே இருக்கும். ஆயில் தானாகவே நீர்த்துப்போய், டிப் ஸ்டிக்கில் அளவு ஏறி, டீசல் வாசனையும் வந்தால் எஞ்சினை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, டீசல் உள்ளே கசிவது எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒழுகும் ஆயில் டர்போவின் மேலோ புகைபோக்கிக் குழாயின் மேலோ விழுவதாகத் தெரிந்தால், தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால், அதைச் சரிசெய்யாமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள்.